நனைந்த சப்பாத்து: கூடைப்பந்து பற்றிய இரண்டு திரைக்கதைகள்

‘வல்லினம்’ படத்தை வீட்டில் இரண்டாவது தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் இருந்த என் தங்கையின் மகள் கேட்டாள்: “மாமா, இந்தப் பொடியன்மாரு ஒருத்தரும் ஊட்டுக்கே போறல்லயே. சப்பாத்து நனஞ்சா என்ன செய்ற?”

நுவரெலியாவில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் இப்படியொரு கேள்வி வரும். ஆறாயிரம் அடிக்கு மேலே இருக்கும் இந்த ஊரில், மழை மாதங்களில் கழுவிய சப்பாத்து மூன்று நாளானாலும் காயாது. அடுப்புக்குப் பின்னால் வைத்துக் காயவைத்த சப்பாத்தோடு, அதில் புகை மணக்க மணக்க, அவள் மூன்று வருடம் பாடசாலை அணியில் வலைப்பந்து ஆடியவள். தரம் ஒன்பதோடு அது நின்றுபோனது. அவள் நிறுத்தினாளா, நாங்கள் நிறுத்தினோமா என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் படத்துக்கு வருகிறேன். ஏனென்றால், அவள் கேட்டது வெறும் சிறுபிள்ளைத்தனமான கேள்வி அல்ல. ஒரு பிரதியின் அடித்தளத்தைத் தட்டிப் பார்க்கும் விமர்சனக் கேள்வி அது.

அறிவழகன் இயக்கி 2014 பெப்ரவரியில் வெளிவந்த ‘வல்லினம்’, கூடைப்பந்தை மையமாக வைத்த அபூர்வமான தமிழ்ப் படங்களுள் ஒன்று. நகுல் நாயகன். திருச்சியில் கூடைப்பந்து ஆடும் கிருஷ்ணா, தன் உயிர் நண்பனை ஆடுகளத்திலேயே இழக்கிறான். இனி இந்த விளையாட்டே வேண்டாமென்று சென்னைக் கல்லூரி ஒன்றுக்கு வந்துசேர்கிறான். அங்கே கிரிக்கெட் அணிக்குத்தான் எல்லா மரியாதையும். கூடைப்பந்து அணி கேலிப் பொருள். அவமானம் எல்லை மீறும்போது அவன் மீண்டும் பந்தைக் கையில் எடுக்கிறான். படத்தொகுப்புக்காக வி.ஜே. சாபு ஜோசப்புக்கு இந்தியத் தேசிய விருது கிடைத்தது. அது தகுதியான விருதுதான். பந்து கை மாறும் வேகத்தைத் தமிழ்த் திரை அதற்கு முன் அப்படிக் காட்டியதில்லை.

கிரிக்கெட்டை மட்டுமே விளையாட்டென்று கொண்டாடும் ஒரு பண்பாட்டுக்குள், வேறொரு விளையாட்டின் பக்கம் நின்று பேசத் துணிந்ததே இப்படத்தின் பெறுமதி. ஆனால் அந்தத் துணிவு பாதி வழியிலேயே களைத்துப்போகிறது. கூடைப்பந்து ஏன் பின்தள்ளப்பட்டது? பணம் எங்கே போகிறது? மைதானம் யாருக்கு ஒதுக்கப்படுகிறது? இவற்றைக் கேட்க வேண்டிய இடத்தில், படம் கிரிக்கெட் ஆடும் சில திமிர் பிடித்த மாணவர்களை வில்லன்களாக்கி விடுகிறது. அவர்களும் அதே வயதுப் பிள்ளைகள்தாம். அமைப்பின் குற்றம் ஆட்களின் குணமாகச் சுருங்கிவிடுகிறது. நண்பனின் மரணமும் துக்கமாக நீடிப்பதில்லை. நாயகனின் மீள்வருகைக்கான எரிபொருளாகிவிடுகிறது.

இன்னொன்று, கூடைப்பந்து ஐந்து பேரின் விளையாட்டு. ‘வல்லினம்’ அதை ஒருவனின் விளையாட்டாக்குகிறது. மற்ற நால்வருக்கும் முகம் உண்டு, வீடு இல்லை. மருமகள் கேட்டது இதைத்தான். வீடில்லாதவனுக்குச் சப்பாத்து நனைவதில்லை. கதாநாயகியோ களத்துக்கு வெளியே, காதலியாகவே நின்றுவிடுகிறாள்.

இதற்கு எதிர்ப்பக்கமாக வைத்துப் பார்க்கத்தக்கது ‘ஸ்வெகர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சி நாடகம். கூடைப்பந்து வீரர் கெவின் டுரான்ட்டின் இளமைக்கால அனுபவங்களின் தூண்டுதலில், ரெஜி ரொக் பைத்வூட் உருவாக்கியது. அப்பிள் தொலைக்காட்சிச் சேவையில் 2021இல் பத்து அங்கங்களும் 2023இல் எட்டு அங்கங்களும் வந்து, அத்தோடு நிறுத்தப்பட்டது. ஜேஸ் கார்சன் என்ற பதின்வயதுச் சிறுவனும் அவனைத் தனியாக வளர்க்கும் தாயும், ஒரு காலத்தில் நட்சத்திரமாக மின்னி மங்கிப்போன பயிற்றுநர் ஐக்கும் கதையின் மையம்.

இந்த நாடகத்தில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறார்கள். கொரோனாக் காலத்தில் வீட்டுக்குள் அடைபடுகிறார்கள். பதினான்கு வயதுப் பிள்ளையின் திறமையை மோப்பம் பிடித்துச் சப்பாத்துக் கம்பனி ஆட்கள் வருகிறார்கள். பிள்ளை என்பவன் ஒரு சரக்காக மாறும் கணத்தை நாடகம் மறைக்கவில்லை.

அந்த அணியில் மூஸா என்றொரு பையன் இருக்கிறான். கலீல் ஹரிஸ் நடித்திருக்கிறார். தமிழ்ச் சினிமாவில் நம் பெயரைத் தாங்கியவன் பெரும்பாலும் குண்டு வைப்பவனாக வருவான், இல்லையேல் நாயகனுக்காக உயிரை விடும் நண்பனாக வருவான். மூஸா இரண்டும் இல்லை. பந்தை எடுத்துவந்து மற்றவர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் இடத்தில் ஆடுபவன். அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ என்ற சாதாரணத்தைத்தான் நாம் இத்தனை வருடமாகத் திரையில் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் நான் இக்கட்டுரையை எழுத வந்தது மூஸாவுக்காக அல்ல, கிறிஸ்டலுக்காக.

கிறிஸ்டல், ஜேஸின் சிறுவயதுத் தோழி. அவனுக்குச் சற்றும் குறையாத ஆட்டக்காரி. அவளுடைய பயிற்றுநர் அவளிடம் தவறாக நடந்துகொள்கிறான். அவள் அதை நெடுநாள் வாய்க்குள்ளேயே வைத்திருக்கிறாள். பிறகு சொல்கிறாள். நம் சமூகத்தில் பெண்பிள்ளையை மைதானத்திலிருந்து கூட்டிவரும் தாய்தந்தையர் எதற்கு அஞ்சுகிறார்களோ, அதையே இந்த நாடகம் வெளிப்படையாகப் பேசுகிறது. அந்த அச்சம் பொய்யல்ல என்று ஒத்துக்கொள்கிறது. ஆனால் அதன் தீர்ப்பு நம் தீர்ப்பு அல்ல. வெளியேற வேண்டியவன் பயிற்றுநர், பிள்ளையல்ல என்கிறது.

இங்கே நாடகத்தின் மீதும் எனக்கொரு மனத்தாங்கல் உண்டு. விடயம் தெரிந்ததும் பையன்கள் போய் அந்த மனிதனைத் தாக்குகிறார்கள். அதன் பிறகு அந்த அடியும் அதன் விளைவுகளும் கதையை இழுத்துக்கொண்டு போகின்றன. ஒரு பெண்பிள்ளையின் காயம், ஆண்பிள்ளைகளின் வீரத்துக்கும் குற்றவுணர்வுக்கும் மேடையாகிவிடுகிறது. ‘வல்லின’த்தில் செத்த நண்பனுக்கு நேர்ந்ததே இங்கே உயிரோடிருக்கும் தோழிக்கும் நேர்கிறது. இரண்டு பிரதிகளுக்கும் இடையே ஏழு வருடமும் ஒரு சமுத்திரமும் இருந்தும், இந்த ஒரு பழக்கம் மாறவில்லை.

நம் பெண்பிள்ளைகளுக்குக் கதவை அடைத்தது நாம் மட்டுமல்ல என்பதையும் சொல்ல வேண்டும். சர்வதேசக் கூடைப்பந்துச் சம்மேளனம் நெடுங்காலம் தலையை மூடி ஆட அனுமதிக்கவில்லை. 2014இல் இஞ்சியோன் ஆசிய விளையாட்டு விழாவில், ஹிஜாபைக் களையச் சொன்னதால் கட்டார் பெண்கள் அணி ஆடாமலேயே திரும்பியது. மசாசுசெட்ஸ் மாநிலத்தில் பாடசாலைக் காலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் எடுத்த பில்கீஸ் அப்துல் காதிர், பல்கலைக்கழகத்தில் ஹிஜாபோடு ஆடியும், அதே விதியால் தொழில்முறை ஆட்டத்துக்குப் போக முடியாமற் போனார். அவரைப் போன்றோர் விடாமல் குரல் கொடுத்ததன் பின் 2017இல் விதி மாற்றப்பட்டது. உலகத்தின் கதவு திறந்துவிட்டது. இனி வீட்டுக் கதவைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மலைநாட்டில் இன்னொரு கதவும் உண்டு, அது நிலம். கூடைப்பந்துக்குத் தேவை 28 மீற்றர் நீளமும் 15 மீற்றர் அகலமும் கொண்ட சமதரை மட்டுமே. 1891இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித், பனிக்காலத்தில் வெளியே ஆட முடியாத மாணவர்களுக்காக உள்ளரங்கில் ஆடவென்றே இதை உருவாக்கினார். பெண்பிள்ளைகள் ஆடும் வலைப்பந்து, இங்கிலாந்தில் இதிலிருந்து கிளைத்ததே. குளிரும் மழையும் சரிவுமான எங்கள் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான விளையாட்டுகள் கிடையா. ஆனால் நுவரெலியாவின் பரந்த சமவெளி குதிரைப் பந்தயத்துக்குப் போனது. 1889இல் தொடங்கிய கழகம் கோல்ஃபுக்கு நிலம் எடுத்தது. தோட்டத்தில் கிடைத்த மட்டத் தரையில் ஸ்டோரும் பிரட்டுக்களமும் எழுந்தன. லயத்துப் பிள்ளை பந்தைத் தவறவிட்டால் அது பள்ளத்துக்குத்தான் உருளும். இந்த நாட்டின் வலைப்பந்து அணி 2018இல் ஆசியக் கிண்ணத்தை வென்றபோது, யாழ்ப்பாணத்துத் தர்ஜினி சிவலிங்கத்தின் உயரத்தை எல்லோரும் வியந்தார்கள். மலையிலும் உயரமான பிள்ளைகள் பிறக்கிறார்கள். அவர்கள் நின்று எறிய ஓரிடம் வேண்டும்.

இனி மருமகளின் விடயம். அவளை யாரும் தடுக்கவில்லை. மௌலவி ஒருவரும் வந்து சொல்லவில்லை. பயிற்சி முடிந்து வர இருட்டிவிடுகிறது என்றார் அவள் உம்மா. பரீட்சை வருகிறது என்றார் வாப்பா. நான், எழுதுகிறவன், பெண் கல்வி பற்றி மேடையில் பேசுகிறவன், வாய் திறக்கவில்லை. எங்கள் மூவருக்கும் ஒரே அச்சம்தான். அதை அதன் பெயரால் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. சொல்லியிருந்தால், பிள்ளையோடு ஒருவர் மைதானத்துக்குப் போய் நின்றிருக்கலாம். பெண் பயிற்றுநர் ஒருவரை வேண்டியிருக்கலாம். பஸ் நேரத்துக்கு முன் பயிற்சியை முடிக்கச் சொல்லிக் கேட்டிருக்கலாம். ஒன்றும் செய்யாமல், ஆகச் சுலபமானதைச் செய்தோம். சப்பாத்தை அடுப்படியிலிருந்து எடுத்துவிட்டோம்.

இப்போது அவளுக்கு வயது பத்தொன்பது. ‘ஸ்வெக’ரைத் தானாகவே தேடிப் பார்த்துவிட்டு வந்து ஒரு வசனம் மட்டும் சொன்னாள்: “அந்தப் புள்ள வெளயாட்ட உடல்ல மாமா.”

நான் பதில் சொல்லவில்லை.

நம் இதழ்களில் நாற்பது வருடச் சிறுகதைகளை வாசித்தவன் நான். கடைக்காரர், ஹாஜியார், சீதனம், வெளிநாடு போன உம்மா எல்லோரும் அவற்றில் இருக்கிறார்கள். பந்தெறியும் பெண்பிள்ளையைச் சந்தித்த நினைவு எனக்கில்லை. அவளை எழுதுவதற்குக் கெவின் டுரான்ட்டின் பணமோ அறிவழகனின் படக்கருவியோ தேவையில்லை. அவளுக்கொரு வீடும், மழைநாளும், அவளோடு மைதானத்தில் வந்து நிற்கும் ஒரு பெரியவரும் வேண்டும். அந்தப் பெரியவரைக் கதையில் எழுதிப் பழகினால், ஒருநாள் நாமே அவராக இருக்கவும் கூடும்.