இலக்கணமும் உண்மையும்

கடவுள் உண்டா என்று வினவுவாரை நோக்கி, "எவ்விலக்கணமுடைய பொருளைக் கேட்கின்றீர்?" என்று எதிர்வினா எழுப்புவதே நம் நாட்டுத் தருக்க நூலார்க்கு ஒத்த முறை. பொருளைத் துணிவதற்கு இலக்கணமும் பிரமாணமும் வேண்டும் என்பதும், இலக்கணம் அவ்வியாப்தி, அதிவியாப்தி, அசம்பவம் என்னும் முக்குற்றமும் நீங்கியிருத்தல் வேண்டும் என்பதும் அவர்தம் கொள்கை. பசுவைக் கபில நிறமுடையது என்றால் வெள்ளைப் பசு விடுபடும். கொம்புடையது என்றால் எருமையும் உள்ளே நுழையும். ஒற்றைக் குளம்புடையது என்றால் ஒரு பசுவும் அகப்படாது. அலைதாடியுடையது என்று தெளிந்த பின்னரே தொழுவத்தில் தேடப் புகலாம்.

நையாயிகர் ஈசுவரனை உலகிற்கு நிமித்த காரணன் என்றனர். குடத்திற்குக் குயவன் போல, காரியமாகிய உலகிற்கும் ஒரு கர்த்தா வேண்டும் என்னும் அனுமானம் அவ்விலக்கணத்தை ஒட்டியே எழுந்தது. குயவனுக்கு உடம்புண்டு, உடம்பில்லாதவனுக்குப் படைக்கும் விருப்பம் எவ்வாறு எழும் என்று குமாரில பட்டர் தடுத்தார். அறிவும் விருப்பமும் முயற்சியும் உடைமையே கர்த்திருத்துவம், உடம்பன்று என்று இலக்கணத்தைத் திருத்திக்கொண்டே 10-ஆம் நூற்றாண்டில் உதயனர் 'நியாய குசுமாஞ்சலி'யில் விடை பகர்ந்தார். கர்த்தாவை மறுத்த அக்குமாரிலரோ தம் 'சுலோக வார்த்திக'த்தைப் பிறைசூடிய ஒருவருக்கு வணக்கம் கூறியே தொடங்குகின்றார்!

யோக நூலார்க்கு ஈசுவரன் கிலேசமும் கர்மமும் தீண்டாத புருஷ விசேஷன். ஆதலின் குயவன் வழக்கு அவர்களிடம் செல்லாது. இராமாநுசரோ, குடத்தைக் கொண்டு அனுமித்தால் உடம்பும் வினையும் உடைய கர்த்தாக்களே, அவரும் பலராகவே, கிடைப்பர்; குறைவிலாக் குணங்கள் நிறைந்த பிரம்மத்திற்குச் சாத்திரமே பிரமாணம் என்று 'ஸ்ரீபாஷ்ய'த்தில் நிறுவினார்.

13-ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்தியாகிய மெய்கண்டார் 12 சூத்திரங்களால் யாத்த சிவஞானபோதத்தில், பிரமாணவியல் முன்னும் இலக்கணவியல் பின்னுமாக அமைந்துள்ளன. ஆயினும் முதற் சூத்திரமே உலகம் ஒடுங்குதற்கு இடமானவனை முதல்வன் என்று குறித்து வைத்த பிறகுதான் அவன் உண்மையைச் சாதிக்கின்றது. ஆறாம் சூத்திரமோ, சுட்டி அறியப்படுவது அசத்தாய் அழியும், எவ்வாற்றானும் அறியப்படாதது சூனியமாய் முடியும் என்று இரண்டையும் விலக்கி, இவ்விரண்டுமல்லாத சிவசத்தை வைக்கின்றது. ஆகவே, "காட்டினால் நம்புவேன்" என்பாரும் "காணவே முடியாது" என்பாரும் மறுப்பது சித்தாந்தி கொண்ட பதியாகிய இறைவனை அன்று. சித்தாந்தியோடு வாதிட விரும்புவார் அந்த ஆறாம் சூத்திரத்திலிருந்தே தொடங்குதல் வேண்டும்.