‘த சோஷியல் டிலெமா’: ஒரு மதிப்பீடு

நோயைக் காட்டினாற் போதுமா, நோயின் மூலத்தையும் சுட்டுதல் வேண்டுமா என்பது கலை விமர்சனத்திற் பழைய வினா. 2020ஆம் ஆண்டில் நெற்ஃபிளிக்ஸ் நிறுவனம் வெளியிட்ட ‘த சோஷியல் டிலெமா’ என்னும் அமெரிக்க விவரணப்படத்தை நோக்குமிடத்து அவ்வினா நம்முன் மீண்டும் எழுகின்றது. சமூக ஊடகங்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தெரிந்தெடுத்துப் பரிமாறும் காட்சிகள் இளம் உள்ளங்களை எவ்வாறு ஆட்கொள்கின்றன என்பதே ஜெஃப் ஓர்லோவ்ஸ்கி நெறிப்படுத்திய இப்படத்தின் பொருள்.

பேட்டிகளினூடே இழையும் ஒரு குடும்பக் கதையிலேயே படத்தின் வலிமை உள்ளது. ஐலா என்னும் சிறுமி தன் படத்தை வெளியிடுகின்றாள். பாராட்டுகள் குவிகின்றன. அவளது காதுகளைக் கேலி செய்யும் ஒரேயொரு வரியும் வருகின்றது. அத்தனை பாராட்டும் அவ்வொரு வரியின்முன் அற்றுப்போகின்றது. அவளுடைய தமையன் பென் கைத்தொலைபேசியைச் சில நாள் துறக்க முயல்கின்றான். கண்காணா யந்திரத்தின் உருவகமாய் வரும் மூவர், அவனுடைய பழைய காதலியின் புதிய உறவை அறிவித்து அவனை மீட்டும் இழுக்கின்றனர். சிறந்த கற்பனை இது.

மனிதன் எதை விரும்புகின்றான் என்பதன்று, எதிலே தரித்து நிற்கின்றான் என்பதே அந்த யந்திரத்துக்கு முக்கியம். தரித்து நிற்கும் ஒவ்வொரு கணமும் விளம்பரக்காரனுக்கு விற்கப்படும் பண்டம். ஆகவே, துயருற்ற பிள்ளை துயரக் காட்சியொன்றிலே தரித்தால், மேலும் துயரமே அதற்குப் பரிமாறப்படுகின்றது. இது வெறும் ஊகமன்று. 2021இல் பிரான்சஸ் ஹோகன் வெளிக்கொணர்ந்த பேஸ்புக் நிறுவனத்தின் உள் ஆவணங்களில், தம் உடலைப்பற்றி மனங்குன்றிய வேளையில் இன்ஸ்டகிராம் அக்குறையை வளர்த்ததாகப் பதின்ம வயதுப் பெண்களில் 32 வீதத்தினர் கூறியமை பதிவாகியிருந்தது. நிறுவனம் அறிந்திருந்தது, வணிகம் தொடர்ந்தது.

எனினும், படத்தின் முடிவு நமக்கு நிறைவளிக்கவில்லை. ஷொஷானா சுபோஃப் போன்றோர் இலாப அமைப்பையே குற்றஞ்சாட்டுகின்றனர். ஆனாற் படமோ, அறிவித்தல்களை நிறுத்துக, படுக்கையறையிற் கருவியை வைக்காதீர் என்னும் தனிமனித ஒழுக்கப் போதனையோடு விடைபெறுகின்றது. பேசுவோரிற் பெரும்பாலோர் அக்கருவிகளை ஆக்கிப் பின் மனம் வருந்திய பொறியியலாளர். வருந்தத்தக்க வாழ்வு வாழும் இளைஞரோ நடிகர் வாயிலாக மட்டுமே பேசுகின்றனர். படத்தை உலகெங்கும் கொண்டுசென்ற நிறுவனமும் பார்வையாளனின் சுவையைக் கணித்துப் பரிந்துரைக்கும் நிறுவனமே என்பதையும் நாம் மறத்தலாகாது.

இளைஞன் வெறுங் களிமண்ணல்லன். தனிமையில் வாடும் பிள்ளை தன்னையொத்தோரைக் கண்டு ஆறுதலடைவதும் இதே திரையிலேதான். தோழமையும் விளையாட்டிடமும் வாசிகசாலையும் வாய்க்காத இடத்திலே திரை அவற்றின் இடத்தைப் பிடிக்கின்றது. 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் அவுஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10இல் நடைமுறைக்கு வந்தது. பிள்ளையை வாயிலில் நிறுத்துவது ஒரு காவல்தான். ஆயின், 16 வயது நிரம்பியதும் அவன் நுழையப்போவது அதே சந்தைக்குள் அன்றோ? சந்தையின் விதியை மாற்றாத காவல் அரைக்காவலே.

குறையுடையதாயினும் இப்படத்தைப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கிருந்து பார்த்தல் வேண்டும். பார்த்தபின், படம் பேசவிடாத பிள்ளைகளை நாமாவது பேசவிடுதல் வேண்டும்.