ஒப்பியற் சமயக் கல்வியும் தமிழும்

சமயத்தைப் பின்பற்றுதல் வேறு. சமயத்தைக் கற்றல் வேறு. இவ்வேறுபாட்டின்மேல் எழுந்ததே பல்கலைக்கழகங்களில் பயிலப்படும் சமய வரலாறு என்னும் துறை. இதற்கு வித்திட்டவர்களுள் மாக்ஸ் முல்லர் குறிப்பிடத்தக்கவர். மொழிகளை ஒப்பிட்டு ஆராய்வது போலவே சமயங்களையும் ஆராயலாம் என்று 1870இல் இலண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் அவர் வாதிட்டார்.

அவ்வாதத்தின் கனியே அவர் பதிப்பித்த 'கீழைத்தேயப் புனித நூல்கள்' என்னும் வரிசை. 1879 முதல் 1910 வரை ஆக்ஸ்போர்டிலிருந்து 50 தொகுதிகள் வெளிவந்தன. உபநிடதங்கள், தம்மபதம், குர்ஆன், கன்பூசிய நூல்கள், சொராஸ்டிரிய நூல்கள் ஆகியன ஆங்கிலத்தில் அருகருகே நின்றன. இதன் பெருமையை எவரும் மறுத்தல் இயலாது.

ஆயினும், இவ்வரிசையில் தமிழ் நூல் ஒன்றேனும் இல்லை. மொழிபெயர்க்க வல்லார் இல்லாமை இதற்குக் காரணமாகாது. ஜி. யு. போப் 1884 முதல் அதே ஆக்ஸ்போர்டில் தமிழ் கற்பித்தார். அவரது திருவாசக மொழிபெயர்ப்பை 1900இல் வெளியிட்டதும், அவ்வரிசையை வெளியிட்ட அதே கிளாரண்டன் அச்சகமே. இந்தியச் சமயங்களை அறிய வடமொழி, பாலி, பிராகிருத நூல்களே அவ்வரிசையில் வைக்கப்பட்டன. இராமாநுசரின் வடமொழி உரைக்கு அங்கு இடம் கிடைத்தது. அவர் போற்றிய ஆழ்வார்களின் பாசுரங்களுக்குக் கிடைக்கவில்லை. ஒப்பீடு என்பது எவற்றை ஒப்பிடத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதிலேயே தொடங்கிவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

பின்வந்த அறிஞர் பார்வையை விரித்தனர். 1967இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் சமயவியல் துறையைத் தொடங்கிய நினியன் ஸ்மார்ட், சடங்கு, புராணம், கோட்பாடு, அறம், சமூகம், அனுபவம் எனப் பல கூறுகளாகச் சமயத்தை நோக்கினார். இந்நோக்கில் தேவாரம் ஏட்டில் உறையும் நூல் மட்டும் அன்று. பண்ணும் வழிபாடும் அடியார் கூட்டமும் கூடிய வாழ்வாகும்.

எனவே, வாயில் இன்று திறந்தே உள்ளது. ஆயின், உள்ளே செல்லும் தமிழ் மாணவர் தம் பெருமையை மட்டும் சுமந்து சென்றால் பழைய பிழையே மீளும். திருமுறையை அறிந்து குர்ஆனை அறியாதவரும், திவ்வியப் பிரபந்தத்தை அறிந்து பௌத்த சுத்தங்களை அறியாதவரும், தமிழை விடுத்த அவ்வரிசையைக் குறைகூறும் தகுதியை இழக்கின்றனர். தமிழாசிரியர் பக்தி இலக்கியத்தைக் கற்பிக்கும்போதே அயற்சமய நூல் ஒன்றையும் அருகில் வைத்துக் கற்பிப்பாராயின், விடுபட்ட ஐம்பத்தோராம் தொகுதி வகுப்பறையிலேயே எழுதப்படும்.