வலை எங்கிருந்து வருகிறது?

சூப்பர்ஹீரோ படம் எது வந்தாலும், பக்கத்து இருக்கையில் ஒருவர் "காமிக்ஸ்ல இப்படி இல்லையே" என்று முணுமுணுப்பார். அவரை முறைக்காதீர்கள். நல்ல கேள்வியில் பாதியை அவர் கேட்டுவிட்டார். மாற்றிய விஷயம் புத்தகத்தில் என்ன வேலை பார்த்தது, படத்தில் அந்த வேலையை எது பார்க்கிறது என்பது மீதிப் பாதி.

ஸ்பைடர்மேனையே எடுத்துக்கொள்வோம். 1962-இல் ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் படைத்த பீட்டர் பார்க்கர், வலை வீசும் கருவியைத் தானே செய்து மணிக்கட்டில் கட்டிக்கொள்வான். பையன் அறிவியலில் புலி என்று அது காட்டும். சண்டை நடுவே வலைத் திரவம் தீர்ந்துபோய் நம்மைப் பதறவும் வைக்கும். 2002 படத்தில் இயக்குநர் சாம் ரைமி கருவியைத் தூக்கிவிட்டார். வலை கையிலிருந்தே பீறிட்டது. ரசிகர்கள் கொதித்தார்கள். நியாயம்தான், விஞ்ஞானிப் பையன் மங்கிப்போனான். ஆனால் 2004-இல் வந்த இரண்டாம் பாகத்தைப் பாருங்கள். மனம் தளர்ந்ததும் பீட்டருக்கு வலை வராமல் போகிறது, அந்தரத்திலிருந்து விழுகிறான். பழைய பதற்றம் திரும்பிவிட்டது, இம்முறை அவனுக்குள்ளிருந்து.

2012 படத்தில் இயக்குநர் மார்க் வெப் கருவியைத் திருப்பிக் கொடுத்தார். ரசிகர்கள் கேட்டது கிடைத்தது. ஆனால் வலைக்கான இழை ஆஸ்கார்ப் என்ற பெருநிறுவனத்தின் தயாரிப்பு! கருவி வந்தது, கண்டுபிடிப்பில் பாதிதான் வந்தது. என் ஓட்டு ரைமிக்கே.

இதே வலை ஓர் உயிரையும் வாங்கியிருக்கிறது. 1973-இல் வந்த ஸ்பைடர்மேன் காமிக்ஸின் 121-ஆம் இதழில் பாலத்திலிருந்து விழும் காதலி க்வென் ஸ்டேசியை ஸ்பைடர்மேன் வலை வீசிப் பிடிக்கிறான். அவள் கழுத்தருகே பொடி எழுத்தில் முறியும் ஓசை ஒன்று. அதைக் கவனிக்காமல் பக்கத்தைப் புரட்டியவர்கள் உண்டு. அந்த இதழைப் படித்தவர் 2002 படத்தில் பாலக் காட்சி தொடங்கியதுமே மூச்சைப் பிடித்துக்கொள்வார். அதே வில்லன் கிரீன் காப்ளின், அதே உயரம். தொங்குவது மட்டும் வேறு பெண், மேரி ஜேன். அவள் பிழைக்கிறாள். கதை தெரியாதவருக்கு அது ஒரு சாகசக் காட்சி, தெரிந்தவருக்கு மரண பயம். மார்க் வெப்பின் 2014 படத்தில் பாலம் மணிக்கூண்டாகிறது. வலையின் நுனி விரல்கள் போல விரிந்து க்வெனை நோக்கிப் பாய்கிறது. எட்டிப் பிடித்தும் விடுகிறது, ஆனால் தாமதமாக. இடத்தை மாற்றிவிட்டார்களே என்று சண்டை போடுவதைவிட அந்த நுனியைப் பார்ப்பது லாபம்.

அனிமேஷனில் இன்னொரு வேடிக்கை. 2018-இன் 'இன்டு தி ஸ்பைடர்வெர்ஸ்' படத்தில், காட்டுக்குள் புது ஸ்பைடர்மேன் மைல்ஸும் மூத்த பீட்டரும் வலையில் ஊஞ்சலாடிப் போவார்கள். பீட்டரின் உருவம் ஒவ்வொரு பிரேமிலும் மாறும், மைல்ஸின் உருவம் இரண்டு பிரேமுக்கு ஒருமுறைதான் மாறும். கற்றுக்குட்டியின் தடுமாற்றம் கண்ணுக்குத் தெரிவது அதனால்தான். அச்சுக் காமிக்ஸின் புள்ளிகளும் திரையில் அங்கங்கே இருக்கும், தேடுங்கள்.

'நோ வே ஹோம்' (2021) பார்க்கப் போகிறவர்கள் 2014 படத்தை முதலில் முடித்துவிடுங்கள். கடைசிச் சண்டையில் இன்னொரு பெண் விழுகிறாள், 2014 படத்தின் பீட்டரான ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் பாய்ந்து பிடிக்கிறார். அவர் முகத்தை மட்டும் பாருங்கள். தமிழ் டப்பிங் போதும், அந்த இடத்தில் வசனம் கொஞ்சம்தான்.