ஓட்டுச் சில்லு

விளையாட்டுச் சாமான்களுக்கென்று ஏற்பட்ட காட்சிசாலைகளில் பெரும்பாலும் ஒரு குறை உண்டு. அங்கே இருப்பவை குழந்தைகள் விளையாடிய பொருள்களல்ல. குழந்தைகள் தொடக்கூடாதென்று பெரியவர்கள் எடுத்து வைத்த பொருள்கள். கேலிச் சித்திரக்காரர் சங்கர் 1965-ல் டில்லியில் ஏற்படுத்திய சர்வதேசப் பொம்மைக் காட்சிசாலையைப் பற்றியும் இப்படித்தான் சொல்லவேண்டியிருக்கிறது. ஹங்கேரித் தூதர் கொடுத்த ஒரு பொம்மையிலிருந்து வளர்ந்த அரிய சேகரம் அது. தேசந்தோறும் உள்ள உடையையும் நகையையும் அங்கே கற்றுக்கொள்ளலாம். ஆனால் குளிப்பாட்டிக் குளிப்பாட்டிச் சாயம் போன பொம்மையை அங்கே தேடிப் பயனில்லை.

காரியாபட்டிக்காரனான எனக்குக் கீழடி எட்டாத ஊரல்ல. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தைப் பார்க்கப் போயிருந்தேன். செட்டிநாட்டு வீடு போலக் கட்டியிருக்கிறார்கள். வருகிறவர்கள் பொன்னணிகளையும் தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளையும் மொய்த்துக்கொள்கிறார்கள். நியாயந்தான். நான் அதிக நேரம் நின்றது வட்டமாகத் தேய்த்த பானை ஓட்டுச் சில்லுகளின் முன்னால். தொல்லியல் துறை 2019-ல் வெளியிட்ட அறிக்கையின்படி இவை ஏறக்குறைய 600 கிடைத்திருக்கின்றன. அந்த மண்ணின் காலத்தைக் கி.மு. 580 வரை கொண்டுபோகிறார்கள்.

இவை அத்தனையும் விளையாட்டுச் சில்லுகள்தாமா, சில மூடியாகவோ எடையாகவோ பயன்பட்டிருக்கலாமே என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். பாதியைத் தள்ளிவிட்டாலும் மீதி நமக்குப் போதும்.

அங்கே தந்தப் பகடையும் இருக்கிறது. அதைச் செய்யத் தேர்ந்த கைவினைஞன் வேண்டும். வாங்கப் பணம் வேண்டும். சில்லுக்கு வேண்டியது உடைந்த பானையும், தேய்க்க ஒரு கல்லும், கட்டம் போடத் தெருமண்ணுமே. எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் கையில் நான் பார்த்ததும் இதே சில்லுதான். இதைவிட ஏழையான விளையாட்டுச் சாமான் உலகத்தில் இல்லை. ஆனாலும் அது ஒன்றைக் கேட்கிறது: பொழுது. ஒரு சாயங்காலமாவது குழந்தைக்குச் சொந்தமாக இருந்தாலொழியச் சில்லு வெறும் ஓடுதான்.

இதைச் சொல்ல எங்கள் மாவட்டத்தானுக்குக் காரணம் இருக்கிறது. கல்கத்தாவில் தொழில் கற்று வந்த இருவர் 1923-ல் சிவகாசிக்குத் தீப்பெட்டியைக் கொண்டுவந்தார்கள். வானம் பார்த்த பூமிக்குச் சோறு கிடைத்தது. அதை மறுப்பது நன்றிகேடு. ஆனால் விடியுமுன் வந்த கம்பெனி பஸ்ஸில் என் வயதுப் பிள்ளைகளும் ஏறிப் போனார்கள், குச்சி அடுக்கவும் பெட்டி ஒட்டவும். 1986-ல் சட்டம் வந்தது. 1996-ல் சுப்ரீம் கோர்ட் கண்டிப்பாகத் தீர்ப்பளித்தது. அதற்குள் ஒரு தலைமுறையின் சாயங்காலங்கள் போய்விட்டன.

பட்டாசு ஆலைகளுக்கு நடுவே இருக்கும் வெம்பக்கோட்டையிலும் 2022-ல் தொடங்கிய அகழ்வாய்வில் விளையாட்டுக் காய்கள் வந்திருக்கின்றன. அவற்றைக் கண்ணாடிக்குள் வைக்கும்போது பக்கத்திலேயே தீக்குச்சி அடுக்கும் சட்டம் ஒன்றையும் வைக்கவேண்டும் என்பது என் கட்சி. இரண்டும் ஒரே அளவுள்ள கைகள் பழகிய பொருள்கள்.