மறதி வளைகோடும் அறிகை உளவியலின் ஆய்வு முறைகளும்

கவனித்தல், நினைவில் வைத்தல், மொழியைப் புரிந்துகொள்ளுதல், சிக்கல் தீர்த்தல் ஆகிய மனச் செயல்முறைகளை ஆராயும் பிரிவு அறிகை உளவியல் ஆகும். மனத்தை நேரில் காண இயலாது. எனவே விடையளிக்க எடுக்கும் நேரம், நேரும் பிழைகள் போன்ற வெளித்தெரியும் அளவுகளிலிருந்து உள்ளே நடப்பதை ஊகித்தறிவதே இதன் அடிப்படை முறை. ஓர் எண்ணை, அது எப்படி அளக்கப்பட்டது என்பதிலிருந்து பிரித்துப் படித்தால் ஊகம் தவறிவிடும். மறதி பற்றிய ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

எபிங்ஹாஸின் சோதனை

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885இல் நினைவு குறித்த தம் நூலை வெளியிட்டார். முன்னறிவு குறுக்கிடாதிருக்கப் பொருளற்ற அசைகளை உருவாக்கி மனப்பாடம் செய்தார். சோதனைக்கு உட்பட்டவர் அவர் ஒருவரே. மீண்டும் கற்கும்போது மிச்சமாகும் உழைப்பை அவர் அளந்தார். முதலில் 100 நிமிடம் தேவைப்பட்ட பட்டியல் மறுமுறை 66 நிமிடத்தில் மனப்பாடமானால் சேமிப்பு 34 விழுக்காடு. ஒரு நாள் இடைவெளிக்குப் பின் அவர் பெற்ற அளவு ஏறத்தாழ இதுவே.

இந்த எண்ணைக் கொண்டே, படித்ததில் மூன்றில் இரண்டு பங்கு ஒரே நாளில் மறந்துவிடும் என்று இன்று பரவலாகக் கூறப்படுகிறது. இது தவறான வாசிப்பு. சேமிப்பு விழுக்காடு என்பது நினைவிலிருக்கும் பாடத்தின் அளவு அன்று. பொருளற்ற அசைகளுக்குக் கிடைத்த எண், பொருள் புரிந்து படிக்கும் பாடத்திற்கு அப்படியே பொருந்தாது. எனினும் வளைகோட்டின் பொது வடிவம் உறுதியானது. யாப் மூர், யோரி டிராஸ் ஆகியோர் 2015இல் வெளியிட்ட மறுசோதனையிலும் அது ஏறத்தாழ அவ்வாறே அமைந்தது.

பொருளை மீட்டெடுத்தவர்கள்

பிரித்தானியரான ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இல் வெளியிட்ட நூலில் மாற்று வழியைக் காட்டினார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றைப் படித்தவர்கள் அதைத் திரும்பச் சொன்னபோது, பழக்கமில்லாத பகுதிகளை விட்டனர். சிலவற்றைத் தமக்குப் பழகியதாக மாற்றினர். நினைவு ஒரு மறுகட்டமைப்பு என்பது அவர் முடிவு. ஆனால் அவர் முறையில் கட்டுப்பாடு குறைவு. சொற்கள் எத்தனை மாறின என்பதைத் துல்லியமாக ஒப்பிட இயலவில்லை.

1967இல் வெளியான நூலால் இத்துறைக்குப் பெயரை நிலைநிறுத்திய உல்ரிக் நைசர், 1976இல் அதன் ஆய்வுகள் அன்றாட வாழ்விலிருந்து விலகிவிட்டதாகக் கண்டித்தார். 1986 ஜனவரி 28இல் சேலஞ்சர் விண்கலம் வெடித்தது. அச்செய்தியை எங்கு, எப்படி அறிந்தீர்கள் என்று மறுநாளே மாணவர்களிடம் எழுதி வாங்கிய அவர், சுமார் இரண்டரை ஆண்டுக்குப் பின் 44 பேரிடம் மீண்டும் கேட்டார். 11 பேரின் விடைகள் முற்றிலும் மாறியிருந்தன. ஆயினும் பலர் தம் நினைவு சரியென்றே உறுதியாக நம்பினர்.

மதிப்பீடு

நீதிமன்றச் சாட்சியத்தை எடைபோடும்போது இம்முடிவு முக்கியமானது: உறுதியாகச் சொல்வதாலேயே ஒரு நினைவு உண்மையாகிவிடாது. அசைப் பட்டியலால் இதைக் காட்டியிருக்க முடியாது. அதேபோல், மறதியின் வேகத்தை நைசரின் வினாத்தாளால் அளந்திருக்க முடியாது. ஆய்வகக் கட்டுப்பாடு, இயல்பான சூழல் ஆகிய இரண்டும் வெவ்வேறு வினாக்களுக்கே விடை தருகின்றன. ஆகவே ஒரு முடிவை ஏற்கும் முன் யாரிடம், எதைக் கொண்டு, எவ்வாறு அளந்தனர் என்று கேட்பது இத்துறை மாணவருக்கு முதல் தேவை.