நான்கில் ஒன்று என்றால் 25 சதவீதமா?

போன வாரமும் அதே கூத்து. ஆறு பேர் ஹோல்டெம் மேசை. ரிவர் சீட்டு விழுந்தாயிற்று. நம்மவர் கையில் இரண்டு ஜோடி. அவர் கட்டிய பந்தயத்தின் மேல் எதிராளி ரெய்ஸ் ஏற்றுகிறார். நம்மவர் சற்று யோசித்தார், சீட்டை வீசிவிட்டார். உடனே சாட் பெட்டி முழுக்கச் சிரிப்பு. பயந்தாங்கொள்ளி என்றது ஒரு கூட்டம். திரையில் தெரியும் எண்ணைப் பார்த்து ஆடும் குமாஸ்தா என்றது இன்னொரு கூட்டம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. நடுத்தரப் பந்தய மேசைகளை ஸ்ட்ரீமில் தொடர்ந்து பார்ப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரியும். நான் அவர் கட்சி. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பயந்தாங்கொள்ளி என்பதற்குப் பதில் சொல்லி இடத்தை வீணாக்க வேண்டாம். ஃப்ளாப், டர்ன், ரிவர் மூன்றிலும் வெறுங்கையோடு பந்தயம் கட்டத் தயங்காதவர் அவர். குமாஸ்தா என்பதுதான் சுவாரஸ்யமான தப்பு. ஏனென்றால் அந்த ஃபோல்டு, திரையில் இருந்த எண்ணைப் பார்த்து எடுத்த முடிவே அல்ல. எண் 'கால் பண்ணு' என்றது. அவர் கேட்கவில்லை.

எதிராளியின் ஹட் வரிசையை நினைவுபடுத்திப் பாருங்கள். விபிஐபி 24, பிஎஃப்ஆர் 19. ஒழுங்காக ஆடும் ரெகுலர். ஓரத்தில் சிவப்பில் ஒரு எண்: ரிவரில் ரெய்ஸ் செய்யும் வீதம் 25. இவ்வளவு ரெய்ஸ் அடிக்கிற ஆளிடம் பிளஃப் இல்லாமலா இருக்கும் என்பதுதான் எல்லோருடைய வாதமும். அந்த 25-க்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு 4 இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அதாவது ரிவரில் ரெய்ஸ் செய்யும் சந்தர்ப்பம் அவருக்கு இதுவரை நான்கு முறைதான் வாய்த்திருக்கிறது, ஒருமுறை செய்திருக்கிறார். நூற்றுக்குப் பத்து முறை மட்டுமே ரெய்ஸ் செய்கிற ஆள்கூட, எடுத்துக்கொண்ட நான்கு சந்தர்ப்பங்களில் ஒன்றிலாவது செய்துவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாய்ப்பு உண்டு. இதை வைத்துக்கொண்டு ஒருவரின் குணத்தைத் தீர்மானிக்க முடியுமா?

விபிஐபி அப்படியல்ல. ஏறக்குறைய ஒவ்வொரு கையிலும் அதற்கு விடை பதிவாகிறது. நூறு கைகளுக்குள் ஆள் இறுக்கமா, தளர்வா என்பது பிடிபட்டுவிடும். திரீ-பெட்டுக்குச் சில நூறு கைகளாவது வேண்டும். ரிவர் ரெய்ஸோ ஆயிரக்கணக்கில் கைகள் சேர்ந்தால்தான் நம்பத் தகுந்த கணக்குக்கு வரும். ஆனால் ஹட் இவை எல்லாவற்றையும் ஒரே வரிசையில், ஒரே கம்பீரத்தோடு காட்டுகிறது. போக்கர்டிராக்கரிலும் ஹோல்டெம் மேனேஜரிலும் ஒவ்வொரு வீதத்தோடும் அது எத்தனை சந்தர்ப்பங்களிலிருந்து வந்தது என்பதையும் காட்டவைக்கலாம். இடத்தை அடைக்கிறதென்று பலர் அணைத்துவைக்கிறார்கள். நம்மவர் திரையில் அதுதான் முதலில் கண்ணில் படுகிறது.

சரி, 25-ஐ நம்பவில்லை. பிறகு எதை நம்பினார்? தன் சேமிப்பில் உள்ள பழைய கைகளை. இதே 24/19 வகை ரெகுலர்கள், இதே பந்தய அளவு மேசைகளில், ரிவரில் ரெய்ஸ் செய்து, யாரோ ஒருவர் கால் செய்ததால் சீட்டு திறக்கப்பட்ட கைகள். தனி ஆளிடம் நான்கே சந்தர்ப்பம் இருக்கும் இடத்தில், அந்த வகையினர் அத்தனை பேரையும் சேர்த்தால் குவியலே கிடைக்கிறது. குவியல் சொல்வது புதிதும் அல்ல, இந்த மேசைகளில் ஊறியவர்கள் அறிந்ததுதான்: ரிவர் ரெய்ஸில் பிளஃப் குறைவு. ஃப்ளாப்பில் தாராளமாகப் புளுகுகிறவர்கள்கூட, கடைசிச் சீட்டுக்குப் பிறகு தொகையை ஏற்றினால் பெரும்பாலும் கையில் சரக்கு இருக்கிறது.

கணக்கைப் போடுவோம். பாட்டில் 20 பிக் பிளைண்ட். நம்மவர் கட்டியது 10. எதிராளி அதை 40 ஆக்கினார். கால் செய்ய இன்னும் 30 போட வேண்டும். ஜெயித்தால் 70 கிடைக்கும். ஆக, அந்த ரெய்ஸ்களில் நூற்றுக்கு 30 பிளஃபாக இருந்தால்தான் கையைக் கடிக்காது. ஸ்ட்ரெய்ட்டுக்கும் ஃப்ளஷுக்கும் இடம் கொடுத்த அந்த போர்டில் இரண்டு ஜோடி வெல்லக்கூடியது பிளஃபை மட்டும்தான். பிளஃப் 15 சதவீதம் என்று வையுங்கள். ஒவ்வொரு காலுக்கும் சராசரியாக 15 பிளைண்ட் நஷ்டம். நூறு கைக்கு 5 பிளைண்ட் எடுப்பவரை நல்ல ஆட்டக்காரர் என்கிறோம். முன்னூறு கைகளின் கூலி ஒரே க்ளிக்கில் போய்விடும்.

சால்வர் பக்தர்கள் விடமாட்டார்கள். சால்வர் அந்த இடத்தில் இரண்டு ஜோடியைச் சில நேரம் கால் செய்யச் சொல்கிறதாம். சொல்லத்தான் செய்யும். தன்னைப் போலவே சரியான விகிதத்தில் பிளஃப் செய்யும் ஓர் எதிராளியை எதிரே வைத்துத்தான் அது விடை காண்கிறது. அப்படிப்பட்ட எதிராளி அன்று அந்த மேசையில் இல்லை. ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போகும் பந்தைத் தொடாமல் விடும் தொடக்க ஆட்டக்காரருக்குச் சேப்பாக்கத்தில் கை தட்டுகிற நாம், இவரைப் பார்த்துச் சிரிப்பது எந்த ஊர் நியாயம்?

அவரிடம் குறையே இல்லை என்று சாதிக்க மாட்டேன். தான் ஃபோல்டு செய்த கைகளில் எதிரே என்ன இருந்தது என்பது அவர் சேமிப்பில் ஏறாது. மற்றவர்களுக்கு எதிராக ஒழுங்காக ஆடிவிட்டு, இவருக்கு எதிராக மட்டும் ஒருவர் ரிவரில் புளுகத் தொடங்கினால், குவியல் அதைத் தாமதமாகத்தான் சொல்லும். ஸ்ட்ரீமை நாம் மட்டுமா பார்க்கிறோம்? அவரோடு உட்காருகிறவர்களும் பார்க்கிறார்கள். ஆகவே நடக்கப்போவது இதுதான்: இன்னும் சில மாதங்களில் ரிவரில் அவர் மேல் ரெய்ஸ் மழை பொழியும். கொஞ்ச காலம் அடி வாங்குவார். பிறகு அந்தச் சின்ன எழுத்து 4, மெல்ல 40 ஆகும். அப்போது அவர் ஃபோல்டு செய்ய மாட்டார்.

தளங்களும் மாறிக்கொண்டிருக்கின்றன. ஜிஜிபோக்கரில் வெளியார் ஹட்டுக்கு அனுமதி கிடையாது. பார்ட்டிபோக்கர் 2019-லேயே கதவைச் சாத்தியது. மற்றவையும் இந்த வழிக்கு வரும் என்றே நினைக்கிறேன். சிவப்பு எண்ணைப் பார்த்துக் கால் செய்து பழகியவர்கள் அன்று தடுமாறுவார்கள். நம்மவருக்குப் பெரிய சேதம் இல்லை. எதிராளியின் பெயரை மறைக்கலாம். அவர் எந்த வகை ஆட்டக்காரர் என்பதை நாற்பது கைகளுக்கு மேல் மறைப்பது கஷ்டம், வகை தெரிந்தால் அவருக்குப் போதும்.

இதற்கெல்லாம் என்னோடு பந்தயம் கட்ட வராதீர்கள். 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்துக்குப் பிறகு பணம் வைத்து ஆடும் இணைய மேசைகளுக்கு நம் நாட்டில் இடமில்லை; நாமெல்லாம் பார்வையாளர்கள்தான். ஆனாலும் சொல்லிவைக்கிறேன். இந்த ஆண்டு முடிவதற்குள், ஒற்றை ஜோடியை வைத்துக்கொண்டு ஒரு ரிவர் ரெய்ஸை அவர் கால் செய்வார், எதிரே வெறுங்கை இருக்கும். அந்த வெறுங்கைக்காரர் யாராக இருக்கும் என்றுகூட ஓர் ஊகம் உண்டு. எழுதினால் அவர் உஷாராகிவிடுவார்.